ஆறாவது சொல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை யாரும் நேராகத் திறந்து படித்துவிட முடியாது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். டீச்சர் கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதிப் போடுவார். அந்த ஆறும் பாடத்துக்குள் இருப்பவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பாடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று ஊகித்து நோட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம். படித்து முடித்ததும் ஊகம் சரியா தப்பா என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். கடைசியில் டீச்சர் நோட்டுகளை வாங்கிச் சிவப்பு மையில் திருத்தித் தருவார்.

வட்டார வள மையத்தில் நடந்த ஏதோ ஒரு பயிற்சியிலிருந்து இந்த முறையைக் கொண்டுவந்த டீச்சர் என் அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. இரண்டுக்கும் நடுவில் நூறடி தூரமும் ஒரு வாய்க்கால் பாலமும் இருந்தன. பாலத்தைத் தாண்டும்போது நான் மனசுக்குள் மாற்றிக்கொள்வேன்.

ஒருநாள் பலகையில் இந்த ஆறு சொற்கள் இருந்தன: நண்டு, வரப்பு, தண்ணீர், அண்ணன், தம்பி, சிரிப்பு.

கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இதற்கு யாரும் யோசிக்கத் தேவையில்லை. வரப்பில் நண்டு வளை விழுந்தால் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போய்விடும். போன தண்ணீருக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கதையை வெட்டுக்குத்தில் முடித்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து நின்று வாசித்தான். “தம்பிக்காரன் நண்டு வளைய வேணும்னே தோண்டிப் பெருசாக்குனான் டீச்சர். அண்ணன்காரன் பாத்துட்டான். மம்பட்டிய எடுத்து ஒரே போடு.”

“அப்புறம்?”

“அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்.”

“சரி, சிரிப்பு எங்கடா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இன்ஸ்பெக்டர் சிரிப்பாரு டீச்சர்.”

புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அதில் அண்ணனும் தம்பியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அந்த வளையை அடைப்பதற்காக விடியற்காலையில் வருகிறார்கள். வரப்பின் இரண்டு பக்கமும் குனிந்து மண் எடுத்துப் பூசும்போது தலையோடு தலை முட்டிக்கொள்கிறார்கள். பிறகு சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் பாடம். எங்கள் ஊரில் அப்படி நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

“அஞ்சு சொல்ல வச்சுக் கதை கட்டிடுறீங்க. ஆறாவதத் தூக்கிப் போட்டுடுறீங்க,” என்றார் அத்தை. “ஒட்டாத சொல்லு ஒண்ணு இருக்கும். அதுலதான் கதையே இருக்கும்.”

அந்த ஆறு சொற்களைப் பொறுக்குவது லேசான வேலை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடத்தை இரண்டு தடவை படிப்பார். பென்சிலால் இருபது சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருவார். நானும் ஒருநாள் பொறுக்கித் தருகிறேன் என்று கேட்டேன். “முழுக் கதையும் தெரிஞ்சவங்கதான் பொறுக்க முடியும்,” என்று புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஊகிப்பதில் வகுப்பில் நான் முதல். அதற்கென்று தனி நோட்டு போட்டிருந்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘சொற்கள்’, வலது பக்கம் ‘என் ஊகம்’.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கும்பகோணத்தில் தண்ணீர் மோட்டார் கடை. அவரும் அவருடைய அக்காவும் காரில் வந்தார்கள். அவர் நல்ல மனிதர் என்று இப்போது சொல்ல முடியும். அன்று அவரிடம் நான் கண்ட ஒரே குறை, எத்தனாவது படிக்கிறாய் என்று என்னை மூன்று தடவை கேட்டதுதான். அத்தையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பது நினைவில்லை. காபித் தட்டோடு வந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

எல்லாம் வேகமாக நடந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. சம்பா அறுவடைக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவில் கிடைக்கிற சில வாரங்களுக்குள் ஊரில் எல்லாக் கல்யாணமும் முடிந்தாக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பனையோலை எதுவும் இல்லை, சாதாரண வெள்ளைத்தாள்தான். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று ஃபாதர் அறிவிப்பார். பிறகு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பார். மூன்று வாரமும் யாரும் வரவில்லை என்றால் தாலி. யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதில் சிறுவர்கள் நீங்கலாக என்று ஒன்றும் சொல்லப்படவில்லை.

முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அத்தை தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார். காலையில் கண் வீங்கியிருக்கும். கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான் என்று அம்மா சொன்னார். பத்திரிகைகள் அச்சாகி வந்து மஞ்சள் தடவிக் காத்திருந்தன.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அப்பா வயலில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் எங்கள் நிலத்தில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் மேல் உட்காரவைத்தார்.

“ஊக நோட்ட எடு. புதுப் பக்கத்துல கோடு போட்டு வை. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

“என்ன பாடம் அத்தை?”

“கோடு போடு.”

அவர் சமையலறைக்குள் போனார். உள்ளே அம்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். மெஷின் வீட்டுப் பக்கம் வரும்போது ஒன்றும் கேட்காது. வயலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்போது கொஞ்சம் கேட்கும். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார், அவர் பேசியது எனக்கு எட்டவே இல்லை. அத்தை பேசியதும் முழுதாக எட்டவில்லை. நடுநடுவே ஒரு சொல் மட்டும், சொல்வதெழுதுதலில் வருவதுபோல, நிறுத்தி, தெளிவாக வந்தது.

ரிஜிஸ்டர் ஆபீஸ். மாலை. ரெண்டு சாட்சி. இன்னும் ரத்தாகலை. ஃபாதருக்குத் தெரியாது.

“மெதுவாப் பேசும்மா. புள்ள அங்க உக்காந்திருக்கு,” என்றார் அம்மா. அவர் குரலில் எனக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

“பாடம் எழுதுது அண்ணி. எழுதட்டும்.”

பிறகு மெஷின் இந்தப் பக்கம் வந்து போனது. சத்தம் ஓய்ந்ததும் அத்தை கடைசியாக ஒன்று சொன்னார். கோடியக்கரை.

ஆறையும் இடது பக்கம் எழுதினேன். பழக்கம் அப்படி. எழுதி முடித்ததும் வலது பக்கம் தானாகவே வந்தது. அந்தப் பக்கம் முழுவதும் எனக்கு இன்றும் மனப்பாடம்:

‘மாப்பிள்ளை ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றி ஏற்கெனவே கல்யாணம் செய்துகொண்டார். ரெண்டு பேர் சாட்சி. அது இன்னும் ரத்தாகவில்லை. இது ஃபாதருக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போனார்கள்.’

கோடியக்கரை ஒட்டவில்லை என்று எனக்கே தெரிந்தது. அங்கே பறவைகள் வரும் என்று சமூக அறிவியலில் படித்திருந்தோம், அதனால் பறவையைச் சேர்த்துக்கொண்டேன். மற்றபடி எனக்குச் சந்தேகம் இல்லை. பாடப்புத்தகத்தில் தப்புச் செய்கிறவர் எப்போதும் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவராகத்தான் இருப்பார். இந்தக் கதையில் அப்படி ஒருவர்தான் இருந்தார். அத்தை எப்படியோ விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார், அம்மா அவர் வாயை அடைக்கிறார், அதனால்தான் அழுகிறார் என்று மற்றதையும் பொருத்திக்கொண்டேன். நாளைக் காலை மூன்றாம் ஓலை. அதற்குள் ஃபாதருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அத்தையை இரண்டாம் மனைவியாகக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சிறுவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. நோட்டைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மரத்தடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டேன்.

“கல்யாண மாப்பிள்ளை ஒருத்தர் பண்ணின பாவம் ஃபாதர்...”

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் குறுக்கிட்டார்.

“இங்க உன் பாவத்த மட்டும்தான் சொல்லணும் பாப்பா. அடுத்தவங்க பாவத்தச் சொல்லக் கூடாது.”

“என்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல ஃபாதர்.”

“சின்னதா இருக்கிறதச் சொல்லு.”

கடலைமிட்டாய் திருடியதைச் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். “முடிச்சுட்டு ஆபீசுக்கு வா. அந்த இன்னொண்ண அங்க சொல்லு,” என்றார்.

மூன்றையும் வேகமாக முடித்துவிட்டு, ஃபாதர் வீட்டு முன்னறையில் அவர் மேசைமேல் நோட்டை விரித்து வைத்தேன். முதலில் இடது பக்கத்தைப் படித்தார். பிறகு வலது பக்கத்தைப் படித்தார். பிறகு மறுபடி இடது பக்கத்துக்கு வந்தார்.

“இது நீ பாத்ததா, யாராவது சொன்னதா?”

“ஊகம் ஃபாதர். ஆனா சொல்லெல்லாம் நிஜம்.”

நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார். வீட்டுக்குப் போ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசிக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பெயர் வரவில்லை. அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பி, பெண்கள் பக்கத்தில் அம்மாவைத் தேடினார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஃபாதர் கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். மத்தியானம் மாப்பிள்ளையும் அவர் அக்காவும் வந்துவிட்டார்கள். ஃபாதர் வீட்டு வேப்பமரத்தடியில் அந்த அக்கா போட்ட சத்தத்துக்குச் சந்தைத் தெருவே கூடியது.

“என் தம்பி மோட்டார் விக்கிறவன். ஊருக்கு ஒண்ணு வச்சிருக்கிறவன் இல்ல! எந்த ஆபீசுல வேணும்னாலும் போய்ப் பேரேட்டப் புரட்டிப் பாருங்க. இப்படிப் புரளி கெளப்பின வாயில புழு வைக்கும்!”

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. “விடுக்கா, கேக்கட்டும். சொல்லிட்டுப் போறேன்,” என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு இரு தரப்பையும் தனித்தனியாக விசாரித்துக் கையெழுத்து வாங்கும் முறை ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்கு முந்தின நாள், வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, பேருக்கு நடக்கும். ஃபாதர் அதை அன்றே, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார். விவிலியத்தின் மேல் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். பிறகு அத்தை உள்ளே போனார்.

உள்ளே நடந்ததை அம்மா பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். வேறு எங்காவது, யாரோடாவது திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று ஃபாதர் கேட்டிருக்கிறார். அத்தை புத்தகத்தின் மேல் கையை வைக்கவில்லை.

“இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இதே புத்தகத்து மேல கை வச்சு அண்ணனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் ஃபாதர்,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஃபாதர் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனது அத்தை. தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, கூடப் படித்த ஒருவரோடு. அவர் நம் சாமி கும்பிடுகிறவர் இல்லை, நம் ஆளும் இல்லை. நாலாம் நாள் அப்பா போய் அத்தையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது எனக்கு ஐந்து வயது. அந்த நாலு நாளும் அத்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பதிவான திருமணம் பேரேட்டில் அப்படியே இருந்தது. அதை ரத்துசெய்யக் கோர்ட்டுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா போகவில்லை. சத்தியம் போதும் என்று நினைத்தார்.

இதில் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை கார் ஏறிப் போய்விட்டார் என்பது மட்டும் தெரிந்தது. என் ஊகம் சரி என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்தேன்.

அப்பா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு பக்கத்தில் இருந்தது. அத்தை சற்றுத் தள்ளி முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“ஃபாதர்கிட்ட போனது நீதானா?”

“ஆமாப்பா.”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா.”

“பொய் சொல்லாத. யாரு சொன்னா?”

“சத்தியமா யாரும் சொல்லலப்பா. நானா ஊகிச்சேன்.”

எனக்கு அதில் பெருமை இருந்தது. இன்னொருவர் சொல்லிக்கொடுத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பா என்னை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை நிமிரவில்லை. கீரை உருவும் கையும் நிற்கவில்லை. அம்மாதான் எழுந்து வந்து என் தொடையில் கிள்ளினார். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி நீ?”

அன்று சாயங்காலம் முருங்கைக்கீரையும் சோறும். அத்தை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். இவ்வளவு பெரிய ஏமாற்றத்துக்குப் பிறகு எப்படிச் சாப்பிட முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் போனது. பள்ளிக்கூடம் மூடிய மறுவாரம், காலை எட்டு மணி பஸ்ஸில், அத்தை ஒரு பெட்டியோடு போனார். அப்பா அன்று விடியும் முன்பே வயலுக்குப் போய்விட்டார். அம்மா பாலம் வரைக்கும் போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். எங்கே போகிறார் என்று கேட்டேன். கோடியக்கரைக்கு என்றார் அம்மா. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டவர் வாத்தியார் வேலை கிடைக்காமல் அங்கே வனத்துறையில் சேர்ந்திருந்தார். அதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்று, பறவைகள் திரும்பிப் போகிற மாதத்தில் அங்கே போய் என்ன பார்க்கப் போகிறார் என்றுதான் யோசித்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி. கல்யாணம் நின்றதற்கு மறுநாள்.

அத்தை வழக்கம்போல பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஊர் முழுக்கப் பேச்சு. பிள்ளைகளுக்கும் அது தெரியும். பின்பெஞ்சில் குசுகுசுத்தார்கள். அவர் பலகைப் பக்கம் திரும்பி ஆறு சொற்களை எழுதினார், நாங்கள் ஊகித்தோம், படித்தோம். மத்தியானம் நோட்டுகளை வாங்கிப்போய்த் திருத்தினார். மணி அடிப்பதற்கு முன் திருப்பிக் கொடுத்தார்.

என் நோட்டில் திங்கட்கிழமைப் பக்கத்துக்கு முந்தின பக்கமும் திருத்தப்பட்டிருந்தது. இடது பக்கத்தில் ஆறு சொற்களுக்கும் ஆறு சிவப்பு டிக். ஆறாவதைச் சுற்றி ஒரு வட்டம். வலது பக்கத்தில் ‘மாப்பிள்ளை’ என்ற முதல் சொல் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே சரியான விடை எதுவும் எழுதப்படவில்லை. பக்கத்தின் அடியில், அவருடைய கையெழுத்தில், ‘மிக நன்று’.

எனக்குக் கோபம் வந்தது. விடையைத் தப்பு என்று அடித்துவிட்டு யாராவது மிக நன்று போடுவார்களா? இவர் அத்தை என்பதால் சலுகை காட்டுகிறார், மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி, நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

“டீச்சர், இந்தப் பக்கத்தத் தப்பாத் திருத்திட்டீங்க.”

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சரியாத்தான் திருத்தியிருக்கேன்,” என்றார். “போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தேன். டீச்சர்களும் தப்புச் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.